அப்பா நிரப்ப வேண்டிய படிவம்

யாராவது என்னைக் கேள்வி கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பிறவிக் குணம். "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூட, "ஏன், பட்டினி கிடக்கிற முகம் மாதிரித் தெரியுதோ?" என்று திருப்பிக் கேட்கிற ஆள் நான். அப்படிப்பட்ட என்னைத் தேடிப் பிடித்துத்தான், வருடத்துக்கு ஒருமுறை ஒரு மனுசி கோப்பும் பேனையுமாக வந்து இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டுவிட்டுப் போவா.

தொண்ணூறுகளில் நாங்கள் நியூசிலாந்தில், ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், என் மனுசன், ஒரே மகள். மகளின் கிண்டர்கார்டனில் ஒரு நாள் கடிதம் ஒன்று தந்துவிட்டார்கள். பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்து பெரிய ஆட்களாகும்வரை பின்தொடர்ந்து பார்க்கிற ஆராய்ச்சியாம். எந்த மாதிரி வீட்டில் வளர்கிற பிள்ளை பிறகு எந்த மாதிரி ஆளாக வருகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். அதற்காக வருடா வருடம் வீட்டுக்கு வருவார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளை என்ன சாப்பிடுகிறது, யார் கதை வாசித்துக் காட்டுகிறார்கள், தாயும் தகப்பனும் சண்டை பிடிப்பார்களா, எல்லாம் கேட்பார்கள். விருப்பமிருந்தால் மட்டும் சேரலாம் என்று கடைசி வரியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. கொழும்பில் இருந்த காலத்தில், தமிழர் என்பதால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்துவிட்டுப் படுத்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கதவைப் பூட்டத் தோன்றும். என் மனுசனுக்கோ ஒரே சந்தோசம். "எங்கடை பிள்ளையும் கணக்கிலை வரட்டும். நாளைக்கு ஆராய்ச்சி எழுதேக்கை, தமிழ்ப் பிள்ளையள் இப்பிடி வந்தினம் எண்டு போடுவினம்" என்றார். சம்மதக் கையெழுத்துப் போட்டது அவர்தான். வலப்பக்கம் சாய்ந்த, வடிவான என்ஜினியர் எழுத்து.

கையெழுத்துப் போட்டு இரண்டாவது மாதம் ஆள் மெல்பேணுக்குப் போனார். ஊரில் பாலம் கட்டினவருக்கு இங்கே நியூ லின்னில் ஒரு பெட்டி செய்கிற தொழிற்சாலையில்தான் வேலை கிடைத்தது. மெல்பேணில் ஒரு சிநேகிதன் நல்ல வேலை எடுத்துத் தருவதாகச் சொன்னான். "மூண்டு மாசம். நிலைச்ச உடனை உங்களைக் கூப்பிடுறன்" என்றார். முதலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் டெலிபோன் வந்தது. பிறகு ஒன்றுவிட்ட ஞாயிறு. பிறகு கடிதம் வந்தது. இரண்டு பக்கம். ஒன்றரைப் பக்கம் மன்னிப்பு, அரைப் பக்கம் விசயம். அங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறாராம். தன்னைத் தேட வேண்டாமாம். அடடா, தேடிக்கொண்டு திரிய எனக்கு வேறு வேலையில்லைப் பாருங்கள்!

நான் யாருக்கும் சொல்லவில்லை. கொழும்பில் என் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்காத இடமில்லை. ஆக்லாந்திலும் அவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். தமக்கையை மனுசன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் அந்தப் பேச்சு அன்றோடு சரி. அதனால் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் அவர் சுகமாக இருந்தார். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுகிற எங்கள் ஆட்கள் கேட்டால், "அவருக்கு ரெண்டு வேலை, மூச்சு விட நேரமில்லை" என்பேன். முன்பும் கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மகளுக்கு, "அப்பா மெல்பேணிலை வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது.

இந்த நிலையில்தான் முதலாவது வருடத்துக் கேள்வி வந்தது. வந்தவ ஒரு வெள்ளைக்கார அம்மா. அறுபது வயது இருக்கும், கம்பளிச் சட்டை முழுக்கப் பூனை மயிர். கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டு, எடுத்த எடுப்பிலேயே அந்தக் கேள்வியைத்தான் கேட்டா. இந்த வீட்டில் யார் யார் வசிக்கிறீர்கள்?

வாயில் பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவவின் முகத்தைப் பார்த்தேன். இந்த மனுசி எங்கள் பூசைக்கு வரப்போகிறாவா? என் அம்மாவுக்குக் கடிதம் போடப்போகிறாவா? பிறகு ஏன் இவவுக்கும் பொய் சொல்லி நான் களைப்பான்?

கொட்டிவிட்டேன். என் உடைந்த இங்கிலீசில் ஒன்றுவிடாமல் கொட்டினேன். கடிதம் வந்த நாள், அதை நான் குசினி மேசையில் வைத்து மூன்று தரம் வாசித்தது, கையில் கிடந்த அகப்பையை எறிந்து சுவரில் கறிச்சாறு பட்டது, எல்லாம். அவ "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. புத்தி சொல்லவில்லை. எழுதினா. நான் அழுதபோது பையிலிருந்து டிஷ்யூ எடுத்துத் தந்துவிட்டு, நான் மூக்கைச் சீறி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த கேள்வியைக் கேட்டா. அவ போன பிறகு இரண்டு கோப்பை சோறு போட்டுச் சாப்பிட்டேன். மாதக் கணக்காக வாயில் வைக்கப் பிடிக்காமல் கிடந்தவள் நான்.

அடுத்த வருடமும் அவதான் வருவா என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், காத்திருந்தேன். வந்தது ஒரு கடிதம். உங்கள் மொழி பேசுகிற ஒருவர் எங்களோடு சேர்ந்திருக்கிறார், இனி அவரே உங்கள் வீட்டுக்கு வருவார், உங்களுக்கு இது வசதியாக இருக்கும் என்று நம்புகிறோம்.

வசதியாம்! இந்தக் கண்டறியாத வசதியை நான் கேட்டேனா? யார் இவர்களுக்கு இவ்வளவு நல்ல மனசைக் கொடுத்தது? கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்தேன். வேண்டாம் என்று எழுதிப் போட்டிருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் தமிழ் மனுசி வேண்டாம் என்று ஒரு தமிழ் மனுசி சொன்னால், ஏனாம் என்று அவவுக்கு ஒரு யோசனை வரும். அந்த யோசனை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆராய்ச்சியே வேண்டாம், விலகுகிறேன் என்று எழுதவும் பயம். தடித்த எழுத்தில் என்ன போட்டிருந்தாலும், விருப்பம் கேட்டுப் படிவம் நிரப்பின தேசத்திலிருந்து வந்தவர்களா நாங்கள்?

போதாக்குறைக்கு, நாள் குறிக்க டெலிபோன் எடுத்தவ சுத்த யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தா. ஆபிரிக்காவில் இருபது வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு இங்கே வந்தவவாம். குரலைக் கேட்டதும் ஆளைப் பிடித்துவிட்டேன். மண்டபத்தில் முன்வரிசையில் நிமிர்ந்து இருக்கிற, நரைத்த கொண்டைக்காரி. அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் வருடம் நான் கொட்டினதெல்லாம் அந்தக் கோப்புக்குள் இருக்குமா? அகப்பை எறிந்தது, கறிச்சாறு, எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் வரப்போகிறாவா? சூப்பர்மார்க்கட்டில் பாண் அடுக்கிற வேலை எனக்கு. அந்தக் கிழமை வெள்ளைப் பாணையும் பிறவுண் பாணையும் மாற்றி அடுக்கிவிட்டு, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரவோடு இரவாக ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் திரும்பி வந்துவிட்டார். அவ்வளவுதான். வந்துவிட்டார், ஆனால் நைட் ஷிஃப்ட். அவர் விட்டுவிட்டுப் போன இரண்டு சேட்டுகளைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். பழைய சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்தேன்.

மகளை என்ன செய்வது? "அந்த மாமி கேட்டால் அப்பா இருக்கிறார் எண்டு சொல்லு" என்று சொல்லிவிட்டிருக்கலாம். என் அகங்காரம் விடவில்லை. என் பிள்ளையை நான் பொய் சொல்லப் பழக்குவேனா? பழக்கமாட்டேன். அதனால் காலையில் கஞ்சிக் கோப்பையை அவள் முன்னால் வைத்துக்கொண்டு, அந்தப் பொய்யை உண்மை போல அவளுக்கே சொன்னேன். "அப்பா மெல்பேணாலை வந்திட்டார். ஆனா அவருக்கு இரவு வேலை. நீ நித்திரையான பிறகு வருவார், நீ எழும்ப முன்னம் போயிடுவார்."

அவள் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனபடியே ஒரு நிமிசம் என்னைப் பார்த்தாள். பிறகு "ஓகே" என்றாள். பெரிய நிம்மதி எனக்கு. என் பிள்ளை பொய் சொல்லத் தேவையில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா வந்தா. சப்பாத்தைக் கழற்றி, என் மனுசனின் சப்பாத்துக்குப் பக்கத்தில் நேராக வைத்தா. உளுந்து வடை சுட்டு வைத்திருந்தேன். தொடவில்லை. "குறை நினையாதேங்கோ, வேலைக்கு வந்த வீட்டிலை சாப்பிடக் கூடாது எண்டு சட்டம். தேத்தண்ணி மட்டும் தாங்கோ" என்றா. சரி, அதையாவது பொறுக்கலாம். ஊரில் எவடம் என்று என்னைக் கேட்கவில்லை! யாழ்ப்பாணத்து மனுசி ஒருத்தி, இன்னொரு யாழ்ப்பாணத்து மனுசியின் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, ஊரில் எவடம் என்று கேட்காத அதிசயத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறா.

"போன முறை சொன்னதிலை ஒண்டு ரெண்டு இஞ்சை அச்சிலை இருக்கு. மாறியிருந்தாச் சொல்லுங்கோ" என்றா. "போன வருசம் வீட்டிலை நீங்களும் பிள்ளையும் மட்டும். இப்பவும் அப்பிடியோ?"

"இல்லை, இல்லை. அவர் வந்திட்டார். அப்ப கொஞ்ச நாள் மெல்பேணிலை நிண்டவர்."

"ஓம்" என்று ஒரு கோடு போட்டா. முகத்தில் ஒன்றும் இல்லை.

அவ தாளைத் திருப்பியபோது தலைகீழாக எட்டிப் பார்த்தேன். போன வருடத்து விபரம் என்று ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் இரண்டு என்று ஓர் இலக்கம். அவ்வளவுதான். கடிதமும் இல்லை, கறிச்சாறும் இல்லை. உயிர் வந்தது எனக்கு. வந்த உயிரோடு கோபமும் வந்தது. நான் அழுத அழுகைக்கு ஓர் இலக்கமா? ஆனால் அதைச் சொல்லி நியாயம் கேட்கிற இடமா அது? வாயை மூடிக்கொண்டு மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றாலே எனக்குப் படபடப்பு. மண்டபத்தில் அந்த அக்கா யாரோடாவது தலையைச் சரித்துக் கதைத்தால், என் கையிலிருக்கிற சுண்டல் இறங்காது. இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வைத்திருக்கிறேன் என்று அவ வந்த அன்று சொன்னா. எங்கள் ஆட்களின் வாயைக் கையெழுத்து கட்டுமா? ஆனால் ஒன்றும் வெளியில் வரவில்லை. என்னைக் கண்டால் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான்.

அந்த வருடமே தங்கைக்குக் கல்யாணம் ஒப்பேறியது. படங்கள் வந்தன. தங்கை கழுத்து நிறையப் பூமாலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? தங்கை கரை சேர்ந்துவிட்டாள், அம்மாவுக்கு எழுதலாம், இங்கேயும் சொல்லலாம் என்று பேனையை எடுத்தேன். எழுதினேன். "அவரும் படங்களைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்தபடி இருந்தேன். அப்போதுதான் விளங்கியது, தங்கைக்காக நான் ஒளிக்கவில்லை. என்னை ஒருத்தன் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனான் என்பதை என் வாயால் தமிழில் சொல்ல எனக்கு ஏலாமல் இருந்தது. வெட்கம். வேறொன்றுமில்லை, வெறும் வெட்கம்.

மூன்றாவது வருடம் தபாலில் தடித்த உறை வந்தது. மகளுக்கு ஏழு வயது. இந்த முறை இரண்டு புதுச் சங்கதி. பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டதால் பிள்ளையையும் தனியாகக் கேட்பார்களாம். அடுத்தது, தகப்பனுக்கென்று மஞ்சள் நிறத்தில் பன்னிரண்டு பக்கப் படிவம். தகப்பன் தானே தனிமையில் நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, வருகிறவரிடம் கொடுக்க வேண்டும். எல்லாம் நான் போன வருடம் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததால் வந்த வினை.

அந்தப் படிவம் ஒன்பது நாள் பிரிட்ஜுக்கு மேலே கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து முறைத்தேன். பத்தாம் நாள் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, கதவைப் பூட்டி, மேசையில் இருந்தேன். அவரின் பழைய கடிதத்தை எடுத்து முன்னால் வைத்து, அந்தச் சாய்வெழுத்தை இரண்டு வரி எழுதிப் பழகினேன். கடிதத்துக்கும் ஓர் உபயோகம் வந்தது.

போன கிழமை பிள்ளையோடு எத்தனை மணித்தியாலம் செலவழித்தீர்கள்? சைபர் என்று போட்டேன். ஆத்திரம். பிள்ளைக்கு எத்தனை நாள் வாசித்துக் காட்டினீர்கள்? சைபர். மனைவியோடு உங்கள் உறவில் எவ்வளவு திருப்தி? ஒன்றிலிருந்து ஐந்துவரை இலக்கம் இருந்தது. ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டேன், கடதாசி கிழியக் கிழிய. போட்டுவிட்டுப் பார்த்தால், இப்படி ஒரு தகப்பன் இருக்கிற வீட்டுக்கு யாராவது விசாரணைக்கு வந்துவிடுவார்கள் போல இருந்தது. எனக்குத் தேவை நல்ல மனுசன். வெள்ளை மை பூசி எல்லாவற்றையும் அழித்தேன். பிள்ளையோடு பதினாறு மணித்தியாலம். வாசிப்பு, கிழமைக்கு மூன்று நாள். திருப்தி, நான்கு. ஐந்து போட மனம் வரவில்லை. என்னை விட்டு ஓடின மனுசனுக்கு நானே இருந்து நல்ல தகப்பன் என்று சான்றிதழ் எழுதினேன். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, மூக்கும் ஒழுகியது.

கடைசிப் பக்கத்தில் இரண்டு வெறும் கோடு. உங்கள் பிள்ளை எப்படி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? அங்கே பேனை நின்றது. ஒன்பது வருடம் குடும்பம் நடத்தின மனுசன் தன் மகளைப் பற்றி என்ன ஆசை வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. கடைசியில் எங்கள் ஆட்களில் எந்தத் தகப்பனும் எழுதுகிறதை எழுதினேன். டொக்டர். உறையை ஒட்டினேன்.

அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு வந்தா. மஞ்சள் உறையை வாங்கிப் பையில் வைத்தா. என் கேள்விகள் முடிந்தன. பிறகு சொன்னா, "இனிப் பிள்ளையைத் தனியக் கேக்க வேணும். கதவு திறந்துதான் இருக்கும். நீங்கள் குசினியிலை நில்லுங்கோ. பதில் மட்டும் எடுத்துக் குடுக்கப்படாது."

"நான் ஏன் எடுத்துக் குடுக்கிறன்?" என்று சீறினேன்.

மகள் சோஃபாவில் கால் ஆட்டிக்கொண்டு இருந்தாள். அவள் தமிழில் கேட்டாலும் இங்கிலீசில்தான் பதில் சொல்வாள், அதனால் அக்காவும் இங்கிலீசிலேயே கேட்டா. அவர்கள் கதைத்ததை நான் தமிழில் எழுதுகிறேன். குசினியில் கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன். தண்ணீர்ச் சத்தத்தில் காது கேட்காது என்று பைப்பைப் பூட்டினேன். மேசையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றேன்.

"உன்னோடு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

"அம்மா. நான். அப்பா."

அப்பாடா. என் கெட்டிக்காரி. மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன்.

"அப்பாவோடு சேர்ந்து என்னென்ன செய்வாய்?"

"ஒன்றும் செய்ய ஏலாது. நான் நித்திரையான பிறகுதான் அவர் வருவார். நான் எழும்ப முன்னம் போயிடுவார்."

சொல்லுக்குச் சொல் நான் சொன்னதுதான். நல்லது, இதோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுவா என்று நினைத்தேன். போனா. படிவத்தில் அடுத்த கேள்வி சாதாரணக் கேள்விதான், எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்வி.

"இரவில் எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போவாய்?"

"எட்டு மணிக்கு அம்மா லைட்டை நிப்பாட்டுவா. ஆனால் நான் நித்திரை கொள்கிறதில்லை." குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவைப் பார்க்க முழிச்சிருப்பேன். நித்திரை வந்தால் கையைக் கிள்ளுவேன். நெடுநேரம் முழிச்சிருப்பேன். பிறகு எப்படியென்று தெரியாது, விடிஞ்சிருக்கும். அவர் வந்துவிட்டுப் போயிருப்பார்."

அக்கா எழுதிக்கொண்டா.

"ஒருநாளும் என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை" என்றாள் என் பிள்ளை. "ஒவ்வொரு நாளும் நான்தான் நித்திரையாகிப் போகிறேன். அது என்னுடைய பிழை."

துடைக்கிற துணி கையில் இருந்தபடியே ஹோலுக்குள் போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை. ஒரு வருடம்! ஒரு வருடமாக இந்தப் பிள்ளை இருட்டில் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நான் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். பொய் சொல்லப் பழக்கமாட்டேனாம், பெரிய உத்தமி! என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அக்கா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினா, நில்லுங்கோ என்பது போல. பிறகு என் முகத்தில் எதைக் கண்டாவோ, கையை இறக்கிக்கொண்டா. பேனையை மூடி மடியில் வைத்தா.

நான் மகளின் முன்னால் நிலத்தில் குந்தினேன். தமிழில்தான் சொன்னேன். அந்த அக்காவுக்கு முன்னால், ஒரு வருடமாக எவவின் காதில் விழக்கூடாது என்று செத்துப் பிழைத்தேனோ அவவுக்கு முன்னால் சொன்னேன்.

"அப்பா வாறேல்லை, செல்லம். மெல்பேணிலையிருந்து அவர் வரவே இல்லை. அவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார். அம்மா உனக்குப் பொய் சொன்னனான்."

அவள் கால் ஆட்டுவதை நிறுத்தினாள். அழப்போகிறாள், அடிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் தகும். அவள் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒருநாளும் வரேல்லையா?" தமிழில் கேட்டாள். "நான் நித்திரை கொண்ட பிறகும்?"

"ஒருநாளும் வரேல்லை."

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கனநேரம் யோசித்தாள். ஏதோ கணக்குப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அவளுடைய தோள் இரண்டும் கீழே இறங்கின.

"அப்ப நான் அவரைத் தவறவிடேல்லை" என்றாள்.

"இல்லையம்மா, நீ தவறவிடேல்லை" என்றேன். அவள் சோஃபாவிலிருந்து சரிந்து என் தோளில் சாய்ந்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன். நான் அழுது முடிவதற்குள் அவள் மூச்சு மாறிவிட்டது. பின்னேரம் நாலரை மணி, வெளியே நல்ல வெயில், பக்கத்து வீட்டில் புல்லு வெட்டுகிற மெசின் இரைந்துகொண்டிருந்தது. பிள்ளை நித்திரையாகிவிட்டாள்.

அக்கா எழும்பி வந்து, அவளைத் தூக்கிச் சோஃபாவில் கிடத்த உதவினா. சட்டைக் கை மேலே ஏறியபோது இரண்டு பேருமே கண்டோம். முழங்கைக்கு உட்பக்கம் நக அடையாளங்கள், காய்ந்ததும் புதியதுமாக. அக்கா சட்டைக் கையை இழுத்து மூடிவிட்டா. தன் பையைத் திறந்து, ஒட்டின மஞ்சள் உறையை எடுத்து மேசையில் வைத்தா. "இதை நான் கொண்டுபோகேல்லை" என்றா. "மிச்சத்தை நீங்கள் சொல்ற நாளைக்கு வந்து எழுதுறன்." கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனா.

மகளின் சப்பாத்தைக் கழற்றினேன். அவள் அசையவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எழுப்பவில்லை. காலையில் சூப்பர்மார்க்கட்டுக்கு டெலிபோன் எடுத்து வரமாட்டேன் என்று சொன்னேன். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்திருக்கும். அவள் வாயைத் திறந்தபடி, ஒரு கை சோஃபாவுக்கு வெளியே தொங்க, நித்திரை கொண்டுகொண்டிருந்தாள். பத்து மணியாகியும் எழும்பவில்லை. நான் எழுப்பவில்லை.